கண் அசைவைப் படம் பிடித்த ரேமண்ட் டாட்ஜ்

நம்ம காலேஜ்ல மட்டும் இல்ல, எந்த இன்ஜினியரிங் காலேஜ்ல கேட்டாலும் ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு டீமாவது டிரைவர் தூங்குறதைக் கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட் பண்ணியிருக்கும். ஒரு வெப்கேம், ஒரு ராஸ்பெர்ரி பை, ஓபன்சிவி, கடைசியா ஒரு பஸ்ஸர். இமை குறிப்பிட்ட ஃபிரேம்களுக்கு மேல் மூடியே இருந்தால் பஸ்ஸர் கத்தும். ரிவ்யூ அன்னைக்கு டீம்ல ஒருத்தர் கேமரா முன்னாடி உட்கார்ந்து தூங்கி வழிவார், பஸ்ஸர் அடிக்கும், மார்க் விழும். நல்ல ப்ராஜெக்ட்தான், கிண்டல் பண்ணலை. ஆனா அதுக்குள்ள ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு: கண் திறந்திருந்தால் டிரைவர் பார்க்கிறார்.

அது தப்புன்னு நிரூபிக்க உதவும் முதல் அளவீடுகளைச் செய்தவர் 1942-லேயே இறந்துபோனார். பெயர் ரேமண்ட் டாட்ஜ். கார் கம்பெனி டாட்ஜுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. சைக்காலஜி படிக்கிறவங்களுக்கு இவர் பெரிய பெயர், அமெரிக்க சைக்காலஜி சங்கத்தின் தலைவராகவே இருந்தவர். நம்ம சிலபஸ் பக்கம் மட்டும் வந்ததே இல்லை. வரவேண்டிய ஆள், ஏன்னா இவர் அடிப்படையில் ஒரு கருவி செய்யும் மனிதர்.

டாட்ஜ் 1871 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூபர்ன் என்ற ஊரில் பிறந்தார். வில்லியம்ஸ் கல்லூரியில் 1893-ல் பட்டம் வாங்கினார். அவருக்கு ஆசை எல்லாம் தத்துவத்தின் மேல். மேலே படிக்க ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பென்னோ எர்ட்மான் என்ற பேராசிரியர் இருந்தார். கான்ட் என்ற தத்துவ அறிஞரைப் பற்றி ஆழமாக எழுதியவர். அவரிடம் தத்துவம் கற்கத்தான் டாட்ஜ் கப்பல் ஏறினார்.

எர்ட்மானுக்கு அப்போது வேறொரு கேள்வியும் இருந்தது. மனிதன் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது என்ன நடக்கிறது? எழுத்து எழுத்தாகப் படிக்கிறானா, சொல் சொல்லாகவா? அதைச் சோதிக்க ஒரு சொல்லை மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும் கண்ணுக்குக் காட்டி மறைக்கும் கருவி தேவைப்பட்டது. டாகிஸ்டோஸ்கோப் என்று பெயர். தத்துவ மாணவர் டாட்ஜ் அதை வடிவமைத்துக் கொடுத்தார். அவருடைய பாதை அங்கேதான் திரும்பியது. 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கி, எர்ட்மானுக்கே உதவியாளராகவும் இருந்து, 1898-ல் இருவரும் சேர்ந்து வாசிப்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள்.

அந்தப் புத்தகத்துக்கான வேலையில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. நீங்களும் இப்பவே செஞ்சு பார்க்கலாம். கண்ணாடி முன்னாடி நில்லுங்க. உங்க இடது கண்ணைப் பாருங்க, உடனே வலது கண்ணைப் பாருங்க. மாத்தி மாத்திப் பாருங்க. உங்க கண் நகர்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டைக் கேட்டா, நல்லா நகருதே என்பார். (மொபைல் செல்ஃபி கேமராவில் செஞ்சா மட்டும் நகர்றது தெரியும். படம் ஸ்க்ரீனுக்கு வர்றதுக்கு ஆகும் தாமதம்தான் காரணம்.)

கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகிறது. தாவி நின்று, பார்த்து, மறுபடி தாவுகிறது. அந்தத் தாவலுக்கு சாக்கேட் என்று பெயர். பிரெஞ்சுச் சொல். அதை ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குள் கொண்டுவந்தவர்களில் டாட்ஜும் ஒருவர். நின்றிருக்கும் நேரத்தில்தான் நமக்குத் தெளிவான பார்வை. தாவும் நேரத்தில் ஏறக்குறைய ஒன்றும் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதும் நமக்குத் தெரிவதில்லை. 1900-ல் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

இந்த வேலை நடந்த இடம் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஜெர்மனியிலிருந்து திரும்பிய டாட்ஜ், பென்சில்வேனியாவில் அர்சைனஸ் கல்லூரியில் ஒரு வருடம் பாடம் நடத்திவிட்டு, 1898-ல் கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுனில் இருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1924 வரை அங்கேதான். பெயர்தான் பல்கலைக்கழகம், அன்றைக்கு அது ஒரு சின்னக் கல்லூரி.

அந்தக் காலத்தில் கண் அசைவை அளந்த விதத்தைக் கேட்டால் கொஞ்சம் உடம்பு கூசும். கண்ணுக்குக் கொக்கைன் மருந்து போட்டு மரத்துப்போக வைப்பார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த சின்னக் கிண்ணத்தைக் கார்னியாவின் மேல் ஒட்டுவார்கள். பார்ப்பதற்கு நடுவில் ஓட்டை இருக்கும். கிண்ணத்தோடு ஒரு மெல்லிய நெம்புகோலை இணைத்து, அதன் முனை புகை பூசிய உருளையின் மேல் கோடு இழுக்கும்படி வைப்பார்கள். எட்மண்ட் ஹ்யூயி இப்படித்தான் வாசிப்பை ஆராய்ந்தார். டாட்ஜுக்கு இதில் உடன்பாடு இல்லை. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், இன்ஜினியரிங் கோணத்தில் பார்த்தாலே இது மோசமான சென்சார். அளக்கப்படும் பொருளின் மேல் எடையை ஏற்றினால் அதன் வேகமே மாறிவிடும். கண்ணைத் தொடாமல் கண்ணை அளக்க வேண்டும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒளி. கார்னியா வழுவழுப்பான, குவிந்த பரப்பு. அதன் மேல் வெளிச்சம் பட்டால் ஒரு சின்னப் பளிச் புள்ளி தெரியும். கண் திரும்பும்போது அந்தப் புள்ளியும் நகரும். டாமஸ் ஸ்பார்க்ஸ் க்ளைன் என்பவருடன் சேர்ந்து 1901-ல் அந்தப் புள்ளியைப் புகைப்படத் தட்டில் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். தட்டு நிலையாக இருந்தால் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்துவிடும், நேரம் தெரியாது. அதனால் கேமராவுக்குள் தட்டு ஒரே சீரான வேகத்தில் கீழே இறங்கும்படி செய்தார். கிடைமட்டத்தில் கண்ணின் கோணம், செங்குத்தில் நேரம். ஒரு ஆசிலோஸ்கோப் ட்ரேஸை மனசுல நினைச்சுக்கோங்க. எலக்ட்ரானிக்ஸ் ஒரு துளி கூட இல்லாமல் மனுஷன் அதைச் செஞ்சுட்டார்.

அளந்து பார்த்ததில் கிடைத்த எண்கள் இன்றைய கருவிகள் தரும் எண்களோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. 5 டிகிரி தாவலுக்கு ஏறத்தாழ 29 மில்லி செகண்ட். 40 டிகிரி தாவலுக்கு ஏறத்தாழ 100 மில்லி செகண்ட். இன்னொரு விஷயம்தான் அவருக்கு முக்கியமாகப் பட்டது. தாவலின் வேகத்தை நாம் நினைத்தபடி மாற்ற முடியாது. கையை மெதுவாகவும் ஆட்டலாம், வேகமாகவும் ஆட்டலாம். கண்ணை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மெதுவாகத் தாவச் சொல்லி மனசால் கட்டளை போட முடியாது.

இதை ரோட்டில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் செகண்டுக்கு 22 மீட்டர். பெரிய தாவல் ஒன்று 100 மில்லி செகண்ட் எடுத்தால், அதற்குள் வண்டி 2.2 மீட்டர் போய்விடுகிறது. சாதாரணமா நம்ம கண் செகண்டுக்கு மூணு தடவை கிட்ட தாவுது. 2.2 மீட்டர்னா பெரிசா தெரியாது, எப்பவும் அது பிரச்சினையும் இல்லை. ஜங்ஷனில்தான் பிரச்சினை. மெயின் ரோட்டில் ஏற வேண்டும். டிரைவர் வலது பக்கம் ஒரு பார்வை, இடது பக்கம் ஒரு பார்வை, டக்கென்று தலையைத் திருப்பிவிட்டு வண்டியை எடுக்கிறார். வேகமாகத் திருப்பும்போது கண் ரெண்டு மூணு இடத்தில் மட்டும் நின்று, நடுவில் பெரிய தாவல்களாகத் தாவும். லாரி பெரியது, எங்கே நின்று பார்த்தாலும் சிக்கும். பைக் ஒல்லி. ரெண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் விழுந்துவிட்டால் காணாமலே போகும். அடிபட்ட பிறகு அந்த டிரைவர் நான் பார்த்தேன், ரோடு காலியாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்வார். பொய் சொல்வதாகத்தான் எல்லாரும் நினைப்போம். அவர் மூளை அவருக்குக் காட்டிய படத்தில் ரோடு காலியாக இருந்திருக்கலாம்.

அவருக்கு ஏன் அந்த ஓட்டை தெரியவில்லை? டாட்ஜுக்கும் எட்வின் ஹோல்ட்டுக்கும் இதில்தான் சண்டை. தாவும் நேரத்தில் மூளையே பார்வையை அணைத்துவிடுகிறது, ஒரு வகை மயக்கம் என்பது ஹோல்ட் 1903-ல் சொன்ன வாதம். டாட்ஜ் ஒப்புக்கொள்ளவில்லை. கண் வேகமாக நகரும்போது விழித்திரையில் விழுவது வெறும் இழுசல். அதற்கு முன்னும் பின்னும் வரும் தெளிவான படங்கள் அந்த இழுசலை மூழ்கடித்துவிடுகின்றன, நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி நமக்குத் தோன்றுகிறது என்பது அவர் வாதம். 1905-ல் இதையே மாயை என்று தலைப்பு வைத்து எழுதினார். பிற்கால ஆராய்ச்சிகளைப் பார்த்தால் ரெண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. யார் ஜெயித்தாலும் டிரைவருக்குப் பலன் ஒன்றுதான்.

1903-ல் டாட்ஜ் கண் அசைவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார். தாவல் முதல் வகை. நகரும் பொருளைப் பின்தொடர்ந்து வழுக்கிப் போவது இரண்டாவது. தலை அசையும்போது கண் எதிர்ப்பக்கம் திரும்பி ஈடுகட்டுவது, இரண்டு கண்ணும் உள்பக்கம் சேர்வது என்று மற்றவை. இன்றைய பாடப்புத்தகங்களும் கிட்டத்தட்ட இதே பிரிவினையில்தான் ஓடுகின்றன. 1908-ல் ஆலன் டீஃபென்டார்ஃப் என்ற டாக்டருடன் சேர்ந்து மனநோயாளிகளின் கண் அசைவுகளைப் படம் பிடித்தார். சிலரால் ஆடும் பொருளை வழுக்கிப் பின்தொடர முடியவில்லை, தாவித் தாவித்தான் பிடித்தார்கள். மூளைக்குள் நடப்பதைக் கண் வழியாகப் படிக்க முடியும் என்பது அந்தத் தட்டுகளில் தெரிந்தது.

அடுத்ததுதான் என் பார்வையில் அவர் வாழ்க்கையின் முக்கியமான பகுதி, அதைத்தான் நிறைய பேர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1913-ல் வெஸ்லியனில் லீவ் போட்டுவிட்டு பாஸ்டனில் கார்னெகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வகத்துக்குப் போனார். ஆய்வக இயக்குநர் ஃபிரான்சிஸ் பெனடிக்ட். கேள்வி இதுதான்: கொஞ்சமாகக் குடித்தால் மனிதனுக்கு என்ன ஆகிறது? நிறையக் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம், தெருவில் போய்ப் பார்த்தால் போதும். கொஞ்சம் என்பதில்தான் சண்டை. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு இயக்கம் உச்சத்தில் இருந்தது. ஒரு பக்கம் துளி கூட விஷம் என்றார்கள், இன்னொரு பக்கம் கொஞ்சம் போட்டால் சுறுசுறுப்பு வரும் என்றார்கள்.

இரண்டு அளவுகள் வைத்துக்கொண்டார்கள். 30 மில்லி சுத்த ஆல்கஹால், 45 மில்லி சுத்த ஆல்கஹால். 30 மில்லி என்றால் சுமார் 70 மில்லி விஸ்கி, நம்ம ஊர் கணக்கில் ஒரு லார்ஜுக்குக் கொஞ்சம் மேல். ஆட்டம் போடுற அளவு இல்லை, நான் ஸ்டெடிதான் மச்சான் என்று சாவியைக் கையில் எடுக்கும் அளவு.

எதை அளப்பது என்பதில் டாட்ஜ் காட்டிய புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கஷ்டமான கணக்குப் போடச் சொன்னால், குடித்தவர் அதிக முயற்சி எடுத்துச் சரிக்கட்டிவிடலாம். பழக்கத்தால் முன்னேறலாம். சொந்த விருப்பு வெறுப்பும் கலந்துவிடும். மனிதன் நினைத்தாலும் ஏமாற்ற முடியாத அளவு வேண்டும். முழங்கால் அனிச்சை, திடீர்ச் சத்தத்துக்கு இமை மூடுவது, அப்புறம் கண்ணின் தாவல் வேகம். தாவலின் வேகம் நம்ம கட்டுப்பாட்டில் இல்லை என்று 1901-லேயே அவர் கண்டுபிடித்திருந்தாரே, அதை இங்கே கருவியாக்கிவிட்டார்.

1915-ல் முடிவுகள் புத்தகமாக வந்தன. அனிச்சைச் செயல்கள் மந்தமாயின. கண் தாவலின் வேகம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஞாபகம் மாதிரி மேல்மட்ட வேலைகள் அந்த அளவுக்கு அடிவாங்கவில்லை. மது முதலில் அறிவைக் கெடுக்கும், உடம்பு பிறகுதான் தள்ளாடும் என்று நம்பியவர்களுக்கு இது நேர் எதிராக இருந்தது. நன்றாகப் பேசுகிறான், பழைய கதையெல்லாம் கரெக்டாகச் சொல்கிறான், ஆனால் கண்ணும் இமையும் ஏற்கனவே மெதுவாகிவிட்டன.

டாட்ஜ் இதைக் கார் ஓட்டுபவர்களை வைத்துச் செய்யவில்லை. ரோடு விபத்து அவருடைய தலைப்பே இல்லை. ஆனால் இன்று அமெரிக்காவில் போலீஸ் ஒரு வண்டியை நிறுத்தி, டிரைவர் குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று, பேனாவை முகத்துக்கு எதிரே பக்கவாட்டில் நகர்த்துவது. தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். கண் வழுக்கிப் போகிறதா, வெட்டி வெட்டிப் போகிறதா என்று அந்தப் போலீஸ்காரர் பார்க்கிறார். டாட்ஜின் இரண்டாம் வகை அசைவு அது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது கடற்படை அவரைக் கூப்பிட்டது. கப்பல் அலையில் ஆடிக்கொண்டே இருக்கும்போது பீரங்கியை இலக்கின் மேல் பிடித்து வைத்திருக்க வேண்டிய வீரர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? கப்பலின் ஆட்டத்தைக் கரையிலேயே உருவாக்கும் ஒரு கருவியை டாட்ஜ் செய்தார். வீரர் இலக்கைப் பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார், எவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருக்கிறார், ஆட்டத்தை முன்கூட்டி உணர்கிறாரா என்பதெல்லாம் அதில் பதிவாகும். சிமுலேட்டர் என்று இன்றைக்குச் சொல்வோம். தேர்வுக்குச் செய்ததைப் பயிற்சிக்கும் பயன்படுத்தினார்கள்.

1924-ல் யேல் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய சைக்காலஜி நிறுவனத்துக்குப் போனார். அதே வருடம் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். அந்தக் காலத்தில் அவரை ஈர்த்தது உடம்பு சுற்றும்போது கண் செய்யும் அசைவுகளும், ஒரே மனிதன் ஒரே வேலையை ஒவ்வொரு முறையும் ஏன் கொஞ்சம் வேறு மாதிரி செய்கிறான் என்ற கேள்வியும். அதைப் பற்றி 1931-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1936-ல் ஓய்வு பெற்றார். 1942 ஏப்ரல் 8 அன்று இறந்தார்.

அவர் பிடித்த அந்தப் பளிச் புள்ளி காருக்குள் ஏற இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ராக்வெல் என்ற இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேராசிரியரின் குழு, டிரைவர் தலையில் கருவியை மாட்டி நிஜ ரோட்டில் வண்டி ஓட்ட வைத்தது. ரோட்டின் படம், அதன் மேல் கார்னியாவிலிருந்து திரும்பிய ஒளிப்புள்ளி, ரெண்டும் ஒரே ஃபிலிமில் விழும். 1972-ல் ரொனால்ட் மூராண்ட்டும் ராக்வெல்லும் வெளியிட்ட கட்டுரையில் புது டிரைவர்களையும் அனுபவசாலிகளையும் ஒப்பிட்டார்கள். புதுசா ஓட்டுறவங்க கண் வண்டிக்கு ரொம்பப் பக்கத்துலயே சுத்துது. கண்ணாடியைப் பார்க்கிறதும் குறைவு. வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட முதல் வாரத்தை யோசிச்சுப் பார்த்தா இது யாருக்கும் ஆச்சரியமா இருக்காது. ஆனா ஆச்சரியம் இல்லாததை எண்ணாக்கிக் காட்டின பிறகுதான் அதை வைத்துப் பயிற்சியை மாற்ற முடியும்.

பிரிட்டனில் போலீஸ் விபத்து அறிக்கையில் காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் பல வருடங்களாக அதிகமாக டிக் விழுந்த காரணம், சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான். அந்த ஒரு டிக்குக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு விபத்துகள் இருக்கின்றன. டிரைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, திரும்பினார், ஆனால் கண் தாவிய இடைவெளியில் பைக் மாட்டிக்கொண்டது. இல்லை, கண் நேராக பைக்கின் மேலேயே நின்றது, மனசு வேறு எங்கோ இருந்தது. முதலாவதற்கு அபராதம் உதவும். இரண்டாவதற்கு அபராதம் போட்டு என்ன பயன்? ஜங்ஷனில் நிதானமாக, ரெண்டு தடவை பார்க்கப் பழக்க வேண்டும், வளைவில் பார்வை மறைக்காதபடி ரோட்டை வடிவமைக்க வேண்டும். மூன்றாவதைக் கண்டுபிடிக்க ஐ டிராக்கர் மட்டும் போதவே போதாது. கண் எங்கே நின்றது என்று அது சொல்லும், அங்கே என்ன தெரிந்தது என்று சொல்லாது.

முதல் வகைக்கு நல்ல எண் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் 100 கார்களில் கேமரா வைத்து ஒரு வருடம் சாதாரண மக்களை ஓட்டவிட்டுப் பதிவு செய்தது. 2006-ல் வந்த அலசலின்படி, ரோட்டிலிருந்து கண்ணை 2 செகண்டுக்கு மேல் எடுத்தால் விபத்து அல்லது மயிரிழையில் தப்பும் ஆபத்து குறைந்தது இரண்டு மடங்கு. 80-ல் போகும்போது 2 செகண்ட் என்பது 44 மீட்டர். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் நோட்டிஃபிகேஷனைப் படிக்க ஆகும் நேரம்.

2024 ஜூலை முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாக அனுமதி வாங்கும் கார் மாடல்களில், டிரைவரின் கவனம் சிதறினால் எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். பெரும்பாலும் ஸ்டியரிங் அருகே ஒரு சின்ன கேமரா, கூடவே கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் எல்இடி. அந்த ஒளி கார்னியாவில் பட்டு ஒரு புள்ளியாகத் திரும்பும் இடத்தையும் பாப்பாவின் மையத்தையும் ஒப்பிட்டுத்தான் இத்தகைய கருவிகளில் பல பார்வையின் திசையைக் கணக்கிடுகின்றன. அடுத்த பேட்ச்ல யாராவது அந்த பஸ்ஸர் ப்ராஜெக்ட்டை எடுத்தா, இமையோட நிறுத்தாம ரெண்டு இன்ஃப்ராரெட் எல்இடியும் வாங்கிக்கோங்க. விலை ரொம்பக் கம்மி. கண்ணுக்குப் பாதுகாப்பான பவர் எவ்வளவுன்னு மட்டும் டேட்டாஷீட்ல பார்த்துட்டு மாட்டுங்க.